மூன்று வருட லீஸ்

பெப்ரவரி 3, செவ்வாய்

கீழ்வீட்டில் இருக்கிற வீட்டுச் சொந்தக்காரி மடாம் பெர்னாண்டா லீஸ் கடிதத்தைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போயிருக்கிறா. வருடா வருடம் வருவதுதான். யூன் முடிவில் லீஸ் முடிகிறது; இருக்கப் போகிறோமா, போகப் போகிறோமா என்று ஒரு மாதத்துக்குள் சொல்ல வேண்டும். பேனையை எடுத்தேன். திருமாறன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த முறை வேண்டாம், ஜெயமதி. எட்டு வருசமா அந்த மனுசியின்ர தும்புத்தடிக்குப் பயந்து பூனை மாதிரி நடக்கிறன்."

உண்மைதான். இவருக்கு டோர்வலில் விமானத்துக்குப் பெட்டி ஏற்றுகிற வேலை. விடியுமுன் எழும்ப வேண்டும். இவருடைய சப்பாத்து நிலத்தில் பட்டால் போதும், கீழேயிருந்து மடாம் கூட்டுகிற தும்புத்தடியால் தன் முகட்டில் இடிப்பா. டக், டக்.

பெப்ரவரி 7, சனி

புவாண்ட்-கிளேரில் வீடு பார்த்தோம். இவருக்கு நிலத்தடிக் கராஜ்தான் கண்ணில் நின்றது. கார்க் கதவைச் சாத்தி, எதிரொலியைக் கேட்டுச் சிரித்தார். கலியாணத்தன்றுகூட இப்படிச் சிரித்த ஞாபகம் இல்லை.

எனக்கும் பிடித்ததுதான். குசினி பெரிசு. ஆனால் யன்னலால் பார்த்தால் ஒரு மனிதக்குஞ்சு நடந்து போகவில்லை. நான் பிள்ளைகள் பார்க்கிற கார்டெரி இங்கே வில்லரேயில், நடைதூரம். அங்கிருந்தென்றால் பஸ், மெட்ரோ என்று மாறி மாறி வரவேண்டும். "பழகியிடும்" என்கிறார். அடுத்த வாரம் பதில் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தோம்.

பெப்ரவரி 8

பனி. காரைத் தோண்டி எடுத்துவிட்டு வந்தவர் ஈரக் கையுறையை எனக்கு முன்னால் மேசையில் வைத்தார். அதுவே ஒரு பிரசங்கம்.

பெப்ரவரி 11

மடாம் பெர்னாண்டா மேலே வந்தா! வெளி இரும்புப்படி, உறைபனி, முழங்கால் வருத்தம். இத்தனை வருடத்தில் ஒருநாளும் ஏறாத மனுசி. தேத்தண்ணி வைத்தேன், தொடவில்லை.

மகன் பவுலோ வீட்டை விற்கச் சொல்கிறானாம். பிறகு அவவை முதியோர் இல்லத்தில் விடப் போகிறானாம். "நீங்கள் மூன்று வருடத்துக்கு லீஸ் எழுதுங்கள். குடியிருக்க வீடு தேடுகிறவன், மேலே ஆள் இருக்கிற வீட்டை வாங்கமாட்டான்."

வீடு உங்கள் பெயரில்தானே, விற்கமாட்டேன் என்று சொல்லலாமே என்றேன்.

"அவனுக்கு நான் இல்லையென்று சொன்னதே இல்லை. இனி எப்படித் தொடங்குவது?"

அவ இறங்கிப் போனதும் இவர் தொடங்கினார். "பாத்தீரே. எங்களைக் கொண்டுபோய் மகனுக்கு முன்னால நிப்பாட்டப் பாக்கிறா."

"வேற ஆரிட்டப் போவா?"

"அது எங்கட பிரச்சினையோ?"

இல்லைத்தான். ஆனா நான் ஏன் விடாமல் மல்லுக்கட்டுறன்? எனக்கே போக விருப்பமில்லை — அவவைச் சாட்டி நான் நிக்கப் பாக்கிறனோ?

பெப்ரவரி 12

குடியிருப்போர் சங்கத்துக்குப் போன் எடுத்துக் கேட்டேன். சட்டப்படி சரியாம். வீடு கைமாறினாலும் லீஸ் முடியும்வரை எங்களை எழுப்ப ஏலாதாம். இவரிடம் சொன்னேன். டீவியைப் பார்த்தபடி தலையாட்டினார்.

பெப்ரவரி 14

படியில் உறைந்த பனிக்கு உப்புப் போடக் கீழே போனவரைக் கனநேரம் காணவில்லை. வந்ததும், "சிம் எண்டால் என்ன?" என்றார்.

"போனுக்குப் போடுறதோ?"

"இல்லையப்பா. மனுசி மகனோட கதைக்கிறது வெளியில கேட்டுது. சிம், சிம், சிம். வேற ஒரு சொல்லில்லை."

அது அவவின் போர்த்துக்கீசத்தில் 'ஓம், சரி' என்றேன். கார்டெரியில் ஒரு குழந்தை அப்படித்தான் சொல்லும்.

உப்பு வாளியைக் கீழே வைக்காமலே நின்றார். "ஒரு சீவன் இவ்வளவு ஓம் சொல்லக்கூடாது." பிறகு, "நாளைக்குப் புவாண்ட்-கிளேருக்கு நான் போன் எடுக்கிறன். வரேல்லை எண்டு சொல்லுறன்."

"கராஜ்?"

"கராஜ் எங்க ஓடப் போகுது?"

பெப்ரவரி 15

கையெழுத்து வைத்தாயிற்று. மடாம் கேக் சுட்டிருந்தா. நடுவில் வேகவில்லை. மூவருமாக முடித்தோம்.

யூலை 1

எல்லா லீஸும் நேற்றோடு முடிகிற ஊர்; தெரு முழுக்க வீடு மாறுகிறவர்கள். நடைபாதையில் மெத்தை, குளிர்சாதனப் பெட்டி, யாருடையதோ மீன்தொட்டி. நாங்கள் பல்கனியில் இருந்து மாம்பழம் சாப்பிட்டபடி பார்த்துக்கொண்டிருந்தோம். பவுலோ வந்தான். நேரே மேலே ஏறி, இவரைப் பார்த்துக் கேட்டான்: "மூன்று வருடம் வேண்டுமென்று நெருக்கினது நீங்களாம். அம்மா சொல்கிறா. உண்மையா?"

அவ அப்படியொரு கதை சொல்லியிருப்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. இவர் என்னை ஒருதரம் பார்த்தார். மாம்பழச்சாறு மணிக்கட்டால் வழிந்துகொண்டிருந்தது. தன் உடைந்த பிரெஞ்சில் சொன்னார்: ஆம், நான்தான். விடாப்பிடியாக நின்றேன்.

பவுலோ பேனை ஒன்றை வெளியே எடுத்தான். அம்மா விழுந்துகிழுந்தால் கூப்பிடுங்கள் என்று தன் நம்பரைத் தந்துவிட்டு இறங்கிப் போனான்.

"பொய் நல்லாத்தான் வருது உங்களுக்கு" என்றேன்.

"பொய்யெண்டு ஆர் சொன்னது? கையெழுத்து என்ரதானே" என்றபடி அடுத்த மாம்பழத்தை எடுத்தார்.