பாயின் குளமும் பின் தெருக் கிணறும்

1966 மே 9, திங்கள்
காலையிலேயே அனல். பாய் வீட்டு நீச்சல் குளம்: கான்கிரீட் தொட்டி முடிந்தது, உள்ளே டைல்ஸ் பாக்கி. சுற்றிலும் வெட்டி ஜல்லி கொட்டிய வாய்க்காலில் ஊற்று ஓயவில்லை. மூலைக் குழியில் சேரும் தண்ணீரை ஆயில் இன்ஜின் ஓயாமல் இறைத்து, கடல் தண்ணீர் ஏறும் உப்பனாற்றில் விடுகிறது. நிறுத்தினால் அடித்தண்ணீர் காலித் தொட்டியை மேலே தூக்கிவிடும்.
வாங்க: பெல்ட், வெள்ளை சிமெண்ட், அக்காவுக்கு வெற்றிலை. எழுத: கீரப்பாளையத்தில் இருக்கும் என் வீட்டுக்காரிக்குக் கடிதம்.

மே 11, புதன்
பாயின் மகன் சிங்கப்பூரிலிருந்து வருகிறாராம். "அடுத்த வெள்ளிக்கெழம அவன் இதுல குதிக்கணும் ஓவர்சியர், இன்ஷா அல்லா."
பின் தெருக் கிணறு உப்புக் கரிக்கிறதாம். வேலி ஓரம் குடத்தோடு இரண்டு பெண்கள்.
"இன்ஜின் வந்த நாள்லேர்ந்துதான்."
"அந்தக் கண்ணாடிக்காரருதான் ஓட்டச் சொல்றாரு."
கண்ணாடிக்காரர் நான். நல்ல தண்ணீரை இறைத்தால் ஆற்று உப்பு உள்ளே வரும் என்று படித்திருக்கிறேன். படித்ததை மறக்கவும் தெரிகிறது.
நான் தங்கியிருக்கும் அக்கா வீட்டுக்கும் அதே கிணறுதான். காபி நன்றாகத்தான் இருந்தது. ஆகவே கிணறு கெடவில்லை. நிம்மதியாக இன்னொரு டம்ளர் கேட்டேன். அக்கா கொஞ்சம் தயங்கிக் கொடுத்தாள்.

மே 13, வெள்ளி
டைல்ஸ் பாதி. இன்ஜின் ஓட்டும் சாமிக்கண்ணு கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். "தண்ணி ரெண்டு ஒற எறங்கிப்போச்சு சார்." கோடைதானே என்றேன்.
ராத்திரி சாப்பாட்டில் அக்கா வீட்டுக்காரர், "இப்பல்லாம் பருப்பே வேவ மாட்டேங்குது மச்சான்" என்றார். அக்கா முறைத்தாள். "பழைய பருப்பு மாமா" என்றேன். அதையே நம்பினேன்.

மே 15, ஞாயிறு
தலைவலி. பத்து மணிக்கே வீடு. அக்கா இல்லை. பக்கத்து வீட்டம்மா: "ஜங்ஷன் பக்கம் தண்ணிக்குப் போயிருக்கா. தெனம் இந்த நேரந்தான்."
அடுப்படியில் பெரிய தவலை நிறையக் கிணற்றுத் தண்ணீர். அள்ளி வாயில் வைத்தேன். துப்ப வேண்டியதாயிற்று.
அக்கா வந்தாள். இடுப்பில் ஒரே ஒரு சின்னக் குடம், முகமெல்லாம் வேர்வை.
"இது யாருக்கு?"
"ஒனக்குத்தான். காபிக்கு."
"எத்தினி நாளா?"
"பத்து நாளு இருக்கும்."
"ஏன் சொல்லல?"
"தெருவே ஒன்ன ஏசுது. நானும் ஏசணுமா?"
அழுதேன். மறைக்கவில்லை. இன்னொரு டம்ளர் கேட்டேனே, அதுதான் ஆறவில்லை.

மே 16, திங்கள்
பாயிடம் போனேன். தொட்டியில் தண்ணீர் நின்றால் அது தூக்காது, இன்ஜினும் வேண்டாம். டைல்ஸ் மழைக்காலத்துக்கு அப்புறம் பார்க்கலாம், கிணறு கெடாமல் ஊற்றுத் தண்ணீரை விலக்க வேறு வழி செய்துவிட்டு, என்றேன்.
"எம் மவன்ட்ட என்னா சொல்றது?"
"ஓவர்சியர் கெடுத்துட்டான்னு சொல்லுங்க பாய்."
"அப்ப நாளைலேர்ந்து நீங்க வர வேணாம்."
சரி என்றேன். இன்று இன்னும் மிச்சம் இருந்தது. தொட்டிக்குள் இறங்கி, அடித்தண்ணீர் உள்ளே வருவதற்கென்று விட்டிருந்த தரை ஓட்டையில் அடைத்திருந்த கட்டையைப் பிடுங்கினேன். சாமிக்கண்ணு இன்ஜினை நிறுத்தினான். காது அடைத்த மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஓட்டை வழியே தண்ணீர் ஏறி, புது டைல்ஸை மூடியது. பாய் மாடியிலிருந்து பார்த்தார்.
கிணறு எப்போது தேறும் என்று அக்கா கேட்டாள். மழை பெய்தால் என்றேன். எத்தனை மழை என்று எனக்கே தெரியாது.
காபியைப் பெரிய தவலைத் தண்ணீரில் போடச் சொன்னேன். மாமா எதிரில் உட்கார்ந்து அதையே குடித்து முடித்தார். எனக்குப் பாதி டம்ளருக்கு மேல் இறங்கவில்லை.