ஒரு சுற்றுக்கு ஐந்து

செப்ரெம்பர் 9, செவ்வாய்

காற்று. சோளகம் இன்னும் அடங்கவில்லை. ஸ்கந்தபுரத்திலிருந்து வேர்க்சொப்புக்கு வந்து சேர்வதற்குள் கண், மூக்கு, வாய் எல்லாம் புழுதி.

இரண்டு சேர்வோ மோட்டரும் மில்லிங் மெசினில் ஏறிவிட்டன. ஒன்று மேசையை இடம் வலமாகத் தள்ள. மற்றது முன்னும் பின்னும். மேசையை நகர்த்தச் சுற்றுகிற கைபிடிகளைக் கழற்றித் தகரப் பெட்டிக்குள் போட்டாயிற்று. மோட்டர்களை ஓட்டுகிற டிரைவ் பெட்டி இரண்டும் சுவரில். நஸீர் ஒவ்வொரு வயருக்கும் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறான். செட்டிகுளத்திலிருந்து விடிய வெளிக்கிட்டு வந்தவன். நெல்லு மில்களுக்கு மோட்டர் பூட்டிப் பழக்கம், இப்படி ஒரு மெசின் அவனுக்கும் முதல் தரம்.

பொத்தானை அழுத்த மேசை தானாக ஓடியது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பதினைந்து வருடம் சுற்றிச் சுற்றி நகர்த்திய மேசை. சந்தோசம் ஐந்து நிமிடம்.

அளந்து பார்த்தால் 60 மில்லிமீற்றர் போகச் சொன்னதற்கு 60.96 போயிருக்கிறது. ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் கூட. இந்தப் பிழையோடு ஒரு கேற்றுக்கு ஓட்டை போடலாம். வேறொன்றும் செய்ய ஏலாது.

மனோ அண்ணை லேத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வேர்க்சொப்பில் சரிபாதி அவருடையது. லேத் அவர், மில்லிங் நான். "கையாலை சுத்தினா இந்தக் கரைச்சல் ஒண்டும் இல்லையே பிள்ளை."

எந்தக் கையால்? டொக்டர் சொன்னதை இங்கே மட்டும் எழுதுகிறேன். வலது தோளுக்குள் கிடக்கிற, சண்டைக் காலத்து இரும்புத்துண்டு இப்போது பிரச்சினை இல்லையாம். எலும்பு தேய்ந்ததுதான் பிரச்சினை. "இனிச் சுத்திற வேலை கூடாது. செய்தீங்களெண்டா கையைத் தூக்கவே ஏலாமப் போகும்." மனோ அண்ணையிடம் சொல்லவில்லை. வேலை கெதியாக முடியும் என்று சொல்லித்தான் அவரை மோட்டருக்கு ஓமென்ன வைத்தேன். உண்மை தெரிந்தால் என்னை முன்னால் கதிரையில் இருத்திப் போனுக்குப் பதில் சொல்ல விடுவார். ஏற்கெனவே இரண்டு தரம் கேட்டுவிட்டார்.

செப்ரெம்பர் 10, புதன்

வெயில். கரண்ட் காலையில் ஒன்றரை மணித்தியாலம் இல்லை.

வாங்க: மிளகாய்த்தூள், கைகழுவுகிற பவுடர், ஒயில், ஆட்டுக்குக் கயிறு (பழையதைத் தின்றுவிட்டது).

மோட்டர் கள்ளன் என்று ஒரு நேரம் நினைக்கிறேன், மெசின் கள்ளன் என்று ஒரு நேரம். பழைய மெசின் என்றால் திருகுக்கும் நட்டுக்கும் இடையில் ஆட்டம் இருக்கும். பிளே என்போம். கையால் சுற்றுகிறபோது அது கைக்குத் தெரியும், ஒரு பக்கமாகவே வந்து சமாளித்துவிடலாம். மோட்டருக்கு என்ன தெரியும். ஆகவே பிளேதான். நட்டை இறுக்கினோம். 60.94. மோட்டர் பெல்ற்றை மாற்றினோம். 60.96. வயரைப் பிரித்துத் தனியாக இழுத்தோம். 60.96.

நஸீர் தயங்கித் தயங்கி, "பெட்டிக்குள்ள நம்பரக் கொஞ்சம் மாத்திப் பாப்பமா அக்கா?" என்றான்.

"ஏமாத்து வேலை எனக்கு வேண்டாம். பிழையைக் கண்டுபிடியும்."

சொன்ன விதம் சரியில்லை. தோள் வலித்தது. வலித்தால் வாயும் சரியில்லாமல் போகிறது.

மனோ அண்ணை கெடு வைத்துவிட்டார். முல்லைத்தீவில் படகு வைத்திருக்கிற சம்மாட்டியின் வலை இழுக்கிற வின்ச்சுக்குப் பன்னிரண்டு இரும்புத் தட்டு வெட்ட வேண்டும். ஒவ்வொன்றிலும் நாலு ஓட்டை. "செவ்வாய் பின்னேரம் வரைக்கும் பாப்பன். பிறகு மோட்டரைக் கழட்டிப்போட்டுக் கைபிடியைப் பூட்டி நானே வெட்டுவன்." நானே என்பதை அழுத்திச் சொன்னார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னாரோ என்னவோ, எனக்கு அழுத்தமாகத்தான் கேட்டது.

செப்ரெம்பர் 11, வியாழன்

நஸீர் வரவில்லை, வவுனியாவில் வேறு வேலை. பெயரை முழுக்க எழுதப் பொறுமை இல்லை, மனோ அண்ணை இனி ம.அ.

ம.அ. சாப்பிடப் போன நேரம் மேசை ஆடாமல் பிடிக்கிற பக்க ஆப்பை நான் இறுக்கினேன். ஆட்டம் எங்கேயிருந்தாலும் சாகட்டும் என்று நன்றாக இறுக்கினேன். இடது கையால்.

மேசை ஒரு சாண் போனது. நின்றது. டிரைவ் சிவப்பு லைற் காட்டிக் கத்தியது. நிற்பாட்டித் திரும்பப் போட்டேன். திரும்பக் கத்தியது.

போனில் நஸீர்: "ஓவர்லோட் காட்டுது. மேசைய எங்கயாச்சும் இறுக்கினீங்களா அக்கா?"

"இல்லையே."

ஐம்பது வயதை எட்டிப் பிடிக்கப் போகிறேன். இந்த வயதில் ஒரு பொய்.

போனை வைத்துவிட்டு ஆப்பைத் தளர்த்தினேன். சிவப்பு லைற் போனது. 60.96 மட்டும் போகவில்லை.

பின்னேரம் சம்மாட்டி எடுத்தார். "என்ன தங்கச்சி, தட்டு வெட்டியாச்சோ?" பாதி வேலை முடிந்தது என்றேன். ஒரே நாளில் இரண்டாவது பொய்.

செப்ரெம்பர் 12, வெள்ளி

ஒன்றும் நடக்கவில்லை. தலையிடி. கிணற்று மோட்டரும் நின்றுவிட்டது. இந்த வருடம் மோட்டர் என்று பெயர் வைத்த எதுவும் எனக்குச் சரிவராது போல.

செப்ரெம்பர் 13, சனி

சண்டை.

நஸீர் வந்தான். ஆப்பில் இறுக்குகிற சாவி பட்ட புதுக் கீறலைக் கண்டான். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது. பேசாமல் இருந்தது எனக்கு இன்னும் சூடேற்றியது. மத்தியானம் வரை அளந்தோம். ம.அ. இரண்டு தரம் வந்து தலையை ஆட்டிவிட்டுப் போனார். மூன்றாம் தரம் வந்தபோது நான் வெடித்தேன்.

"உம்மடை மோட்டர் பிழை. இல்லாட்டி உமக்கு வேலை தெரியாது. ரண்டிலை ஒண்டு."

அவன் முகம் கறுத்துவிட்டது. ஆனால் மரியாதை குறையவில்லை. "அக்கா, ஒரு சுத்துக்கு மேசை எவ்வளவு போகும்னு முதல் நாளே கேட்டேன். அஞ்சு மில்லிமீற்றர்னு நீங்கதான் சொன்னீங்க. பெட்டிக்குள்ள அஞ்சுதான் போட்டிருக்கேன். மோட்டர் சொன்னதத்தான் செய்யுது."

"சுத்துக்கு எவ்வளவு எண்டு டயலிலை எழுதிக் கிடக்குது. கண் இருந்தாப் பாரும். பதினைஞ்சு வருசம் இந்த மெசினோடை நிக்கிறன், எனக்குப் படிப்பிக்க வாறீரோ?"

சாமான்களைத் துடைத்துத் துடைத்துப் பெட்டிக்குள் அடுக்கினான். போகிறேன் என்று ம.அ.விடம் மட்டும் சொன்னான்.

ம.அ.: "பாவம், நல்ல பெடியன்."

வீட்டுக்கு வந்து புட்டு அவித்தேன். உப்புப் போட மறந்துவிட்டேன். சாப்பிட்டேன்.

செப்ரெம்பர் 14, ஞாயிறு

வேர்க்சொப் பூட்டு. உடுப்புத் தோய்த்துக் காயப்போட்டேன், காற்று இரண்டைக் கொண்டுபோய் வேலிக்கு அங்கால் போட்டது.

அளந்த கடதாசிகள் எல்லாம் கைப்பைக்குள் கசங்கிக் கிடந்தன. எறிய எடுத்தேன். எறிவதற்கு முன் வரிசையாக எழுதிப் பார்த்தேன்.

20க்கு 20.32
40க்கு 40.64
60க்கு 60.96
100க்கு 101.60

கடவுளே.

பிளே என்றால் எல்லா நீளத்துக்கும் ஒரே அளவு கூட வேண்டும். இது நீளம் கூடக் கூடக் கூடுகிறது. ஐந்து நாளாக என் கண்ணுக்கு முன்னால் கிடந்திருக்கிறது.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். மேசையின் கீழ்த் தகட்டைக் கழற்றி, திருகைத் துணியால் துடைத்து, அடிமட்டத்தின் இஞ்சிப் பக்கத்தைப் பிடித்துப் புரிகளை எண்ணினேன். ஒரு இஞ்சிக்கு ஐந்து. அச்சொட்டாக ஐந்து. ஒரு இஞ்சி 25.4 மில்லிமீற்றர். அப்படியென்றால் ஒரு சுற்றுக்கு ஐந்து மில்லிமீற்றர் இல்லை. 5.08.

அது இஞ்சித் திருகு. டயல் மட்டும் மில்லிமீற்றர்.

டயலைப் பூட்டியது யார்? நான்.

சண்டை முடிந்து முகாமிலிருந்து திரும்பி வந்தபோது இந்த மெசின் கூரையில்லாத கொட்டிலுக்குள் கிடந்தது. கழற்றக்கூடிய பித்தளை, அலுமினியம் எல்லாம் ஆரோ கழற்றிப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்கள். டயல் இரண்டும் போயிருந்தன. வவுனியாவில் உடைத்துப் போட்டிருந்த வேறொரு மெசினின் டயலை வாங்கி வந்து, உள்வட்டத்தைக் கடைந்து, நான்தான் பூட்டினேன். பொருந்தாது என்று அன்றைக்குத் தெரியும். பரவாயில்லை, அளந்து அளந்து வெட்டுவோம் என்று விட்டேன். அப்படியே வெட்டிக்கொண்டும் இருந்தேன். கொஞ்சம் குறைய நிறுத்துவது, வேர்னியரால் அளப்பது, மிச்சத்தைக் கைக்கணக்கில் எடுப்பது. எத்தனை ஆயிரம் தரம். டயல் பொய் என்பது கைக்குத் தெரிந்திருந்தது, எனக்குத்தான் மறந்துபோனது.

அந்தப் பெடியன் கேட்ட ஒரேயொரு கேள்விக்குப் பொய் டயலைப் பார்த்துப் பதில் சொல்லிவிட்டு, அவனுக்கு வேலை தெரியாது என்றேன். வெட்கமாக இருக்கிறது.

செப்ரெம்பர் 15, திங்கள்

நஸீருக்கு மூன்று தரம் எடுத்தேன். எடுக்கவில்லை. குரல் பதிந்து அனுப்பப் பார்த்தேன், இரண்டை அழித்தேன். மூன்றாவதும் அசிங்கமாகத்தான் இருந்தது, அனுப்பினேன்.

பின்னேரம் அவனே எடுத்தான். "ஆறு நாளா என்ட படிப்பத்தான் சந்தேகப்பட்டேன் அக்கா. வீட்டில சோறும் இறங்கல்ல."

"பிழை என்னிலை தம்பி. முழுக்க என்னிலை."

"நாளைக்கு வாறேன்."

கிணற்று மோட்டர்: வயரை எலி வெட்டியிருக்கிறது. அந்தப் பிழையாவது என்னுடையது இல்லை, எலியுடையது.

செப்ரெம்பர் 16, செவ்வாய்

முகில். மழை வராது.

5ஐ அழித்து 5.08. ஒரு நிமிட வேலை. ஒரு கிழமையை விழுங்கின ஒரு நிமிடம். ம.அ.விடம் டயல் கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

முதல் தட்டு. மேசை ஓடி நிற்க, இடது கையால் துளைத்தேன். நாலு ஓட்டை. ம.அ. தன்னுடைய வேர்னியரைக் கொண்டுவந்தார், என்னுடையதை நம்பவில்லை. மூன்று தரம் அளந்தார். 60.00.

"சரி. ஆனாக் கைபிடியை எறிஞ்சு போடாதை. மோட்டர் பழுதானாச் சுத்தலாம்."

அப்போது வாயில் வந்துவிட்டது. "என்னாலை இனிச் சுத்த ஏலாது அண்ணை. டொக்டர் மறிச்சுப்போட்டார்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஆறு மாசமா, தட்டைப் பிடிக்கிற வைஸை நீ இறுக்கிறது காணாது. நீ தேத்தண்ணிக்குப் போற நேரம் நான்தான் வந்து இறுக்கிறனான். விட்டிருந்தா இரும்பு பறந்து உன்ரை முகத்திலை அடிச்சிருக்கும். அதுதான் கதிரையிலை இரு எண்டனான்."

நன்றி வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. ஆறு மாதம் என் முதுகுக்குப் பின்னால். "என்ரை மெசினிலை கை வைக்க உங்களுக்கு ஆர் சொன்னது?" கேட்டு முடிக்க முன் குரல் உடைந்துவிட்டது. நஸீர் வயரைப் பார்க்கிறவன் மாதிரிக் குனிந்துகொண்டான்.

ம.அ. இரண்டாவது தட்டை எடுத்து வைஸுக்குள் வைத்துவிட்டு விலகி நின்றார். என்னால் ஏலுமான அளவுக்கு இறுக்கினேன். பிறகு நானும் விலகினேன். அவர் வந்து, நான் பார்த்துக்கொண்டு நிற்க, இன்னும் அரைச் சுற்று இறுக்கினார்.