பொட்டு வைத்த அம்பு பேக்

என் தங்கமான மல்லிகா அக்காவுக்கு,

முதலில் வீட்டுச் செய்தி. உன் மகள் அபி பிளஸ் டூ முடித்துவிட்டாள். நர்சிங் படிக்கப் போகிறாளாம். “சித்தி மாதிரி ஆவணும்” என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். வருகிற புதன்கிழமை காலேஜில் சேர்க்க நான்தான் கூட்டிப் போக வேண்டுமாம், மாமா சொல்லிவிட்டார். எனக்குப் பகீரென்றது. அந்தப் பிள்ளை எந்தச் சித்தியைப் பார்த்து ஆசைப்படுகிறது என்று எனக்கல்லவா தெரியும்?

ஆயுத பூசை அன்று நடந்ததை உன்னிடம் சொல்லவே இல்லை. சொல்ல நீ இருந்தால்தானே!

அன்று காலை நான் டியூட்டிக்குப் போனபோது எமர்ஜென்சி வார்டில் எல்லாம் பளபளவென்று இருந்தது. நைட் டியூட்டிப் பெண்கள் ஒன்று விடாமல் கழுவித் துடைத்து, மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்து அடுக்கியிருந்தார்கள். சிலிண்டருக்குச் சந்தனம், ஸ்டெதஸ்கோப்புக்குச் சந்தனம், அம்பு பேக்குக்கும் சந்தனம் குங்குமம். மூச்சு நின்றவர்கள் முகத்தில் வைத்து அமுக்கிக் காற்று கொடுப்போமே, அந்தப் பைதான். டியூட்டி மாறும்போதெல்லாம் அதை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும்.

நான் கையை நீட்டினேன். “ஏய், பூசையில வெச்சாச்சுடி. படைக்கிறதுக்கு முன்னாடி தொடாத, பொட்டு அழிஞ்சிடும்” என்றார் இன்சார்ஜ் சிஸ்டர். கையை எடுத்துக்கொண்டேன். ‘தயார்’ என்று டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். பூசை முடிந்தது, பொரியும் சுண்டலும் தின்றோம். அமுக்கிப் பார்க்க மறந்தே போனேன்.

நீ அங்கே செராமிக் கம்பெனியில் என்ன செய்துகொண்டிருந்தாய்? ஃபியூஸ் கட்டைகளை விரிசல் உண்டா என்று ஒவ்வொன்றாகத் தட்டிக் காதில் வாங்கிப் பெட்டியில் அடுக்குகிறவள், அன்று பூசைக்காக ஒரு வருசத்து மண் தூசியைக் கூட்டித் தள்ளியிருக்கிறாய். வீசிங் இருக்கிற உடம்புக்கு அது ஆகுமா? கேட்டால் “நம்ம எடத்த நாமதான் கூட்டணும்” என்பாய். உன் வீம்பு உனக்கு.

மத்தியானம் மாமா வண்டியில் உன்னைக் கொண்டுவந்தார். பின்னால் உன்னோடு வேலை செய்கிற ஷமீம் உன்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தாள். “கோமு, மூச்சு வுட முடியலடி” என்று என் கையைப் பிடித்தாய். ஊசி போட்டோம், மருந்துப் புகை வைத்தோம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே உன் தலை சாய்ந்துவிட்டது. டாக்டர் கத்தினார், நான் ஓடிப்போய் பூசை மேஜையிலிருந்து அம்பு பேக்கை எடுத்துவந்தேன். அமுக்கினேன். உன் நெஞ்சு எழும்பவில்லை.

வீசிங் முற்றியவர்களுக்குப் பை சீக்கிரம் அமுங்காது, கல்லாக நிற்கும். இது பஞ்சு மாதிரி அமுங்கியது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? பாவி நான் உன் தலையைச் சாய்த்துப் பார்த்தேன், மாஸ்க்கை அழுத்திப் பார்த்தேன், திரும்பத் திரும்ப அமுக்கினேன். “காத்தே போவல சிஸ்டர், வேற பேக் கொண்டாங்க!” என்றார் டாக்டர். இன்னொன்று மாடியில் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தது. ஆயாம்மா ஓடிப்போய் எடுத்துக்கொண்டு இறங்குவதற்குள் நீ போய்விட்டாய்.

சாயந்திரம் கழுவுகிற பேசினைப் போய்ப் பார்த்தேன். பஞ்சுக்கு அடியில் கிடந்தது, நகத்தளவு ரப்பர் வால்வு. கழுவியவர்கள் திரும்ப மாட்ட மறந்திருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் அமுக்குகிற காற்று பக்கவாட்டில் போய்விடும். ஒரு தடவை உள்ளங்கையில் வைத்து அமுக்கியிருந்தால் தெரிந்திருக்கும்.

இன்சார்ஜ் சிஸ்டரிடம் காட்டினேன். அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “வெளிய சொல்லிடாதடி, எல்லாப் புள்ளைங்க பொழப்பும் போயிடும்” என்றார். டாக்டர், “அவ்ளோ வீசிங்குக்கு எப்படியும் கஷ்டம்தான்மா” என்றார். அந்த ‘எப்படியும்’ உண்மையா, எனக்காகச் சொன்னதா? யாரிடம் போய்க் கேட்பேன்?

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா ஒன்றையே சொன்னாள். “கடைசியில கூடப்பொறந்தவ கையிலதான் போனா. அந்த மட்டும் நிம்மதி.” இப்போதும் யார் வந்தாலும் அதையேதான் சொல்கிறாள். நான் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விடுவேன்.

வார்டில் இப்போது புது நோட்டு. ‘பை அமுக்கிப் பார்க்கப்பட்டது’ என்று தனிக் கட்டமே போட்டிருக்கிறார்கள். போன திங்கட்கிழமை திறந்து பார்த்தால் வியாழக்கிழமை வரைக்கும் முன்கூட்டியே டிக் அடித்து வைத்திருக்கிறது! கத்தித் தீர்த்தேன். “கோமதிக்கா, ஒங்களுக்கு வேற வேலையே இல்லியா?” என்று சிரிக்கிறார்கள் சின்னப் பெண்கள். ஏன் கத்துகிறேன் என்று சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமே. வாயை மூடிக்கொண்டு, வருகிற டியூட்டிக்கெல்லாம் நானே அமுக்கிப் பார்க்கிறேன். நான் இல்லாத டியூட்டிக்கு என்ன செய்வேன், அக்கா?

வாயால் சொன்னால் மழுப்பிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதினேன். வேறு யார் படிப்பதற்கு முன்னாலும் இதை அபி படிப்பாள், இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. காலேஜ் வாசலில் வைத்து இல்லை, கிளம்புவதற்கு முன்னால், நம் வீட்டிலேயே, மாமாவும் அம்மாவும் இருக்கும்போது கொடுப்பேன். படித்துவிட்டு அவள் என்னோடு வந்தாலும் சரி, கதவைச் சாத்திக்கொண்டாலும் சரி. “நீ அத அமுக்கிப் பாத்திருந்தா அம்மா பொழச்சிருப்பாங்களா சித்தி?” என்று கேட்பாள். தெரியாதுடி என்றுதான் சொல்வேன். டாக்டர் சொன்ன ‘எப்படியும்’ இதில் இருக்கிறது, படித்துக்கொள்ளட்டும்; அதைச் சாக்காக என் வாயால் மட்டும் சொல்ல மாட்டேன்.

உன் கூடப்பிறந்தவள்,
கோமு