எடுத்துக் கொடுத்தவள்

மார்ச் 4

என் ஆய்வகத்தின் வாராந்தரக் கூட்டம். போன வருடம் சேர்ந்த மாணவன், நாங்கள் நெட்டையன் என்று கூப்பிடுகிறவன், ஆற்றங்கரை ஆலைக்கு மேலேயும் கீழேயும் எடுத்த நீர் மாதிரிகளைப் பற்றிப் பேச எழுந்தான். அவனுக்குப் பேச்சு திக்கும். "ஆலைக்குக் கீழ எடுத்த தண்ணியில கிருமி..." அதோடு நின்றுவிட்டது. எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. "குறைஞ்சிருக்கு, அதானே?" என்று எடுத்துக் கொடுத்தேன். தலையாட்டிவிட்டு உட்கார்ந்தான்.

பாவம். வேறு ஆய்வகத்தில் இருந்தால் சிரித்தே கொன்றிருப்பார்கள்.

மார்ச் 6

பல்கலைக்கழகத்தின் சமவாய்ப்புக் குழுவுக்கு நான் தலைவி! வீட்டில் சொன்னதும் இவர் சிரித்தார். "கல்யாணமான நாள்லேருந்து ஒரு வாக்கியத்தை முழுசா முடிக்க எனக்கு வாய்ப்பு கிடைக்கல. முதல் புகார் என்னோடது." நானும் சிரித்தேன்.

மார்ச் 15

செப்டம்பர் மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பியாயிற்று. கிருமி குறைகிறது என்பதுதான் தலைப்பே. மேடையில் மூத்த மாணவி பேசட்டும். நெட்டையன் எதற்கு அத்தனை பேர் முன்னால் தவிக்க வேண்டும்?

மார்ச் 19

மூத்த மாணவி அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். "அவனைக் கேட்டீங்களா மேடம்? ஒரு வாரமா காலி வகுப்புல நின்னு அவன் பேசிப் பழகிட்டிருக்கான்."

கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை.

அவள் போகவில்லை. "இன்னொண்ணு. கிருமி குறையல மேடம். கரண்ட் போய், அந்த மாதிரிகளைச் சூடா வச்சு கிருமி வளர்க்கிற இன்குபேட்டர் ஆறிப்போச்சு, அதான் வளரல. அன்னிக்குக் கூட்டத்துல அவன் சொல்ல வந்ததே அதுதானாம். இன்னிக்குத்தான் எங்கிட்ட சொன்னான்."

அன்றைக்கு எத்தனை பெருமையாக எடுத்துக் கொடுத்தேன்! அவன் வாயிலிருந்து உண்மையைப் பிடுங்கிவிட்டு என் பொய்யைத் திணித்திருக்கிறேன். மாநாட்டுக்கு எழுதி, சுருக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். நினைக்க நினைக்கக் கூசுகிறது.

மார்ச் 20

அவனைக் கூப்பிட்டேன். எதிர் ஆய்வகத்துக்கு மாற்றல் வேண்டுமாம். ஏன் என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். இரண்டு முறை அடுத்த சொல் என் நாக்கு நுனிவரை வந்தது. இரண்டு முறையும் அவன் சொன்னது வேறு சொல்.

அவன் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். "எனக்குத் திக்குறதுல வெட்கம் இல்ல மேடம். நீங்க முடிச்சு வைக்கிறப்பதான் வெட்கமா இருக்கு. நீங்க நல்லதுக்குத்தான் செய்றீங்க, தெரியும். அதனாலதான் வேணாம்னு சொல்ல வாய் வரல."

மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்றான். பரவாயில்லை என்றால் ஏன் போகிறான்? சீ, இதுகூட எனக்குப் புரியாதா!

மார்ச் 22

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஆற்று நீர் ஆய்வும் அவனோடு போகிறது.

ஏப்ரல் 9

குழுவின் முதல் கூட்டம். எல்லோர் குரலும் கேட்கப்பட வேண்டும் என்று நானே எழுதியதை நானே வாசித்தேன். கை தட்டினார்கள். முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஏப்ரல் 10

நெட்டையன் விஷயத்தைக் குழுவிடம் சொல்லிவிட்டு விலகலாமா? அதற்கும் பாராட்டுவார்கள். வேண்டாம்.

செப்டம்பர் 11

மாநாடு. சோதனையை முதலிலிருந்து செய்து, புதிய முடிவோடு நெட்டையன் மேடையேறினான். ஆலைக்குக் கீழே கிருமி கூடத்தான் செய்கிறது. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நிறையவே திக்கினான், ஆனால் எதையும் விடவில்லை.

கேள்வி நேரத்தில் ஒரு வெளியூர்ப் பேராசிரியர் ஏதோ கேட்டார். பதில் பாதியில் நின்றது. அவர் பொறுக்காமல் அவனுக்காக வாக்கியத்தை முடித்து வைத்து, அன்பாகத் தலையாட்டினார். அன்றைக்கு என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

"இல்ல சார். நான் சொல்ல வந்தது வேற," என்றான் நெட்டையன். மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். அரங்கம் காத்திருந்தது.

இந்த வார்த்தையை ஒரு நாளும் அவன் என்னிடம் சொன்னதில்லை. என் ஆய்வகத்தில் இருந்தவரை சொல்ல முடிந்ததில்லை.