முகம் மேலே நிற்கும் சட்டை

மார்ச் 3

துறைமுக வாயிலில் சர்க்கரைக் கப்பல் கவிழ்ந்தது, ரயில்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தது, எனக்குக் கல்யாணம் ஆனது - மூன்றும் ஒரே வருஷம். அந்தக் கப்பலுக்கு அடியில் நாங்கள் வேலை பார்த்தபோது முதுகில் சிலிண்டர், இடுப்பில் ஈயம், அவ்வளவுதான். மேலே வர வேண்டுமா, காலை உதை.

இப்போது காற்றுச் சட்டை இருக்கிறது. பொத்தானை அமுக்கினால் சிலிண்டர் காற்று அதற்குள் போகும், ஆள் மிதப்பான். காற்றைத் திறந்துவிட்டால் இறங்குவான். மகளுக்குப் பாலத்துத் தூண்களைத் தண்ணீருக்குள் போய்ப் பார்க்கும் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் சேர வேண்டும். சட்டையை அவளே வாங்கிக்கொள்ள வேண்டுமாம்.

மார்பைச் சுற்றி வருவது ஒன்று. முதுகில் மட்டும் பை உள்ளது இன்னொன்று. அவளுக்கு முதுகுப் பைதான் வேண்டும். மார்பு இறுகாது, தண்ணீரில் நேராகப் படுக்கலாம் என்கிறாள். நான் மார்புச் சட்டை என்றேன்.

"ஏன்ப்பா?"

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை.

மார்ச் 4

மனைவி போன பிறகு வந்த பழக்கம் இது. எனக்கு எழுத்து தெரியாது. நான் பேசுகிறேன், கைப்பேசி எழுதிக்கொள்கிறது. மகளிடம் சொல்ல முடியாததை இதனிடமாவது சொல்கிறேன்.

எங்களோடு முங்கிய 'மீசை' அந்தக் கப்பல் வேலையில்தான் செத்துப்போனான். மேலே வந்துவிட்டான். முகம் தண்ணீரில், முதுகு வெயிலில். அடியில் எதையோ பார்க்கிறான் என்று படகில் இருந்தவர்கள் நினைத்தார்கள். கேலிகூடப் பேசினார்களாம். அடுத்து மேலே வந்தவன் நான். திருப்பிப் போட்டேன்.

முகம் மேலே இருந்திருந்தால்?

மார்ச் 6

கடைக்குப் போனோம். கடைக்காரர் நீச்சல் வாத்தியார். வெறும் சட்டையாகப் போட்டால் எல்லாமே பொருந்தும், காற்று நிரப்பிப் பாருங்கள் என்றார். நிரப்பியதும் மகளால் மூச்சை இழுத்து விட முடியவில்லை. ஒரு அளவு பெரிசு எடுத்தோம். நான் ஒவ்வொரு வாரையும் இழுத்து இழுத்துப் பார்த்தேன்.

"என்னய்யா, மாப்பிள்ளைக்குச் சட்டை எடுக்கற மாதிரி பாக்கறீங்க?"

"மாப்பிள்ளைக்குன்னா இவ்வளவு பாக்க மாட்டேன்."

மகள் சிரிக்கவில்லை. முதுகுப் பை போட்டால் மயங்கும்போது குப்புறக் கவிழ்த்துவிடும் என்று நான் சொன்னதிலிருந்தே முகம் சரியில்லை. வாத்தியார்தான் சமாதானம் பண்ணினார் - இரண்டையும் குளத்தில் போட்டுப் பார்த்துவிடுங்கள் என்று.

மார்ச் 7

மகளுக்குக் கோபம் ஆறவில்லை. சாப்பிடும்போது உப்பை மட்டும் என் பக்கம் தள்ளி வைத்தாள்.

மார்ச் 9

நீச்சல் குளம். நானே போட்டுப் பார்க்கிறேன் என்றேன். இந்த வயதில் வேண்டாம் என்று வாத்தியார் தடுத்தார், கேட்கவில்லை.

மார்புச் சட்டையில் காற்று நிரப்பிப் பிணம் மாதிரிக் கிடந்தேன். முகம் வானத்தைப் பார்த்தது. முதுகுப் பையில் கிடந்தேன். மூக்கில் தண்ணீர். பார்த்தாயா என்று ஜம்பமாகக் கரையேறினேன்.

"கழுத்த விறைப்பா வச்சிருந்தீங்கப்பா," என்றாள். "செத்தவன் கழுத்த நிமித்திப் பிடிப்பானா?"

நான் சொன்ன அதே மார்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கினாள். காற்றை நிரப்பினாள். உடம்பைத் தளர விட்டாள் - எல்லாவற்றையும், கழுத்தையும். தலை மெல்ல முன்னால் சாய்ந்தது. தாடை நனைந்தது. வாய். மூக்கு.

நாடகம்தான் என்று தெரியும். தெரிந்தும் குதித்துவிட்டேன். திருப்பிப் போட்டேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். போதும்மா, போதும் என்றேன்.

வாத்தியார் மெதுவாகச் சொன்னார்: இது உயிர்காக்கும் சட்டை இல்லை ஐயா, எந்த மாடலும் முகத்துக்கு ஜவாப்தாரி ஆகாது.

வீட்டுக்கு வரும் வழியில் மீசையைப் பற்றிச் சொன்னேன். முழுசாக. முதல் தடவையாக.

மார்ச் 10

முதுகுப் பை சட்டையே வாங்கியாயிற்று. ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன் - உன்கூட இறங்கறது யாரு?

மார்ச் 15

மகளோடு தண்ணீரில் இறங்கப்போகும் பெண் சாப்பிட வந்தாள். மகளைவிட நாலைந்து வயது பெரியவள், வாய் ஓயாத ஆள். இவள் மேலே வந்து சும்மா மிதந்தால் நீ என்ன செய்வாய் என்று கேட்டேன். மகள் தலையில் அடித்துக்கொண்டாள். வந்தவள் சாப்பிடுவதை நிறுத்தினாள்.

"கிட்டப் போய்த் தொடுவேன்பா."

"களைப்பில ஓய்வா இருந்தா?"

"திட்டட்டுமே. தொட்டுட்டு அப்புறம் திட்டு வாங்கிக்கறேன்."

இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னேன்.

ஏப்ரல் 1

பாலத்துக்கு நான் போகவில்லை. வீட்டிலேயே அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தேன்.

மத்தியானம் கூப்பிட்டாள். தண்ணீர் ஒரே கலங்கலாம், தூணில் விரிசல் இல்லையாம். மேலே வந்ததும் களைப்பில் கொஞ்சம் குப்புறப் படுத்திருந்தாளாம், சிலிண்டர்க் குழாய் வாயிலேயேதான் இருந்ததாம். படுத்த மறுகணம் தோளில் ஒரு கை.

"நிம்மதியா மிதக்க விட மாட்டேங்கறா உங்க ஆளு," என்றாள்.

போனை வைத்தேன். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும். மீசை செத்த அன்றைக்குப் படகில் இருந்தவர்களில் கயிறு பிடித்தவன் போய்விட்டான், மேஸ்திரி போய்விட்டார். இஞ்சின்காரன் கட்டையனுக்குக் காது மந்தம். போன் போட்டுக் கத்திக் கத்திச் சொன்னேன். தோளில் கை வைத்தாளாமா என்று இரண்டு தடவை கேட்டான். அப்புறம் போனை வைக்கவே இல்லை.

என்னை விட்டால், மீசையைத் தெரிந்தவர்களில் இன்னும் இருப்பது இந்தக் கட்டையன் ஒருவன்தான்.