அம்புக்குறிக்குள் ஒளிந்த பொத்தான்

செவ்வாய், இரவு.

கரிவலம்வந்தநல்லூர் பைக் விபத்தில் சிக்கிய விவசாயி இறந்துவிட்டதாக எங்கள் பத்திரிகைக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். ஆஸ்பத்திரியில் மறுபடி விசாரித்தால், கண் விழித்துப் பேசுகிறாராம். நாளைய பேப்பரின் பக்கத்தை முடித்து அச்சுக்கு அனுப்பப் பத்து நிமிடம்தான் இருந்தது. செய்தி அனுப்பும் புது மென்பொருளில் ‘திரும்பப் பெறு’ பொத்தானையே காணோம். அலுவலகத்தில் பக்கம் அமைக்கும் செல்வியைப் போனில் பிடித்தேன்.

“எழுத்தப் பெருசாக்கி வச்சிருக்கியளா, அண்ணாச்சி?”

“கண்ணுக்குத் தெரியாண்டாமா, தாயி?”

“அதான் மேல் வரிசையில எல்லாப் பொத்தானுக்கும் எடம் பத்தல. கடைசில ரெண்டு அம்புக்குறி இருக்கும், அமுக்குங்க. மிச்சமெல்லாம் அதுக்குள்ளதான் கெடக்கும்.”

அமுக்கினேன். மறைந்திருந்த பொத்தான்கள் வரிசையாக இறங்கின. செய்தியைத் திரும்பப் பெற்று, திருத்தி அனுப்பினேன்.

“வந்துட்டு. செத்தவர எழுப்பிட்டிய, அண்ணாச்சி!”

அவள் சிரித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. நாளை அந்த மனிதர் பேப்பரைப் பார்த்து, வயதைக் கூட்டிப் போட்டுவிட்டேன் என்று சண்டைக்கு வந்தால் சந்தோஷமாகக் கேட்டுக்கொள்வேன்.