பாதியில் நிற்கும் முள்

பிப்ரவரி 6, செவ்வாய்

வண்டி வந்துவிட்டது. பழைய டீசல் பிக்கப். வெள்ளை என்கிறது பதிவுப் புத்தகம்; கிழவன் பல்லின் நிறம் என்பேன் நான். இருபத்திரண்டு வருடம் வேதியியல் சொல்லிக் கொடுத்ததற்குப் பள்ளிக்கூடம் கொடுத்தனுப்பியது மொத்தமும் வாசலில் நான்கு சக்கரத்தில் நிற்கிறது.

தலைமை ஆசிரியர் நாற்காலியை விளையாட்டு வாத்தியாருக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். விசில் ஊதத் தெரிந்தால் போதும் போலிருக்கிறது. ராஜினாமாக் கடிதத்தை நீட்டியபோது ஒருவராவது “யோசிச்சுப் பாருங்க சார்” என்பார் என்று நினைத்தேன். தேதி போட மறந்துவிட்டேன் என்று குமாஸ்தா திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான்.

இனி சாமான் ஏற்றிப் பிழைப்பேன். யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. அவர்கள் வந்து நிற்கட்டும். பிக்கப் வைத்திருப்பவனிடம் ஒரு நாளாவது வந்து நிற்காத சொந்தக்காரன் உலகத்தில் இல்லை.

பிப்ரவரி 7, புதன்

காலைக் குளிரில் வண்டி எழுந்திருக்க மறுத்தது. உறுமியது, இருமியது, செத்தது. ஐந்தாவது முறை சாவியைத் திருப்பும்போது மைத்துனன் வந்து சேர்ந்தான். இரண்டு தெரு தள்ளி இருக்கிறான், என் மனைவியின் தம்பி. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். எப்போதோ நாலு மாதம் லாரியில் கிளீனராக இருந்திருக்கிறான்.

“அத்தான், அத்தான்! இருங்க. ஹீட்டர் லைட் எரியுது பாருங்க. அது அணையட்டும், அப்புறம் திருப்புங்க.”

ஜன்னலுக்குள் கையை விட்டு அவனே திருப்பினான். உடனே பிடித்துக்கொண்டது. பால்காரர், தையல்கடைக்காரர், எதிர் மாடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் எல்லோருக்கும் கேட்கும்படி, “கெமிஸ்ட்ரி வாத்தியாருக்கு டீசலப் பத்தவைக்கத் தெரியலயே!” என்றான்.

மனைவியும் சிரித்தாள். வாயைக் கையால் மூடிக்கொண்டு. மூடிக்கொண்டால் அது சிரிப்பு இல்லையா?

பிப்ரவரி 11, ஞாயிறு

மெக்கானிக்கிடம் போனேன். எல்லோரும் அவனை டாக்டர் என்கிறார்கள். இஞ்சின் மேல் ஸ்க்ரூடிரைவரை ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்கிறான், அதனால்.

டீசல் முள் செத்துவிட்டதாம். டேங்க் நிறைந்திருந்தாலும் காலியாக இருந்தாலும் பாதியில்தான் நிற்கும். “இதுக்கு சாமான் கிடைக்காது சார். டேங்க் வாய் நேரா இறங்குது, அதுவரைக்கும் நல்லது. குச்சி விட்டுப் பாத்துக்குங்க.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, நோயாளியின் வீட்டாரிடம் சொல்வது போல, “சுத்தமா காலியாக மட்டும் விட்றாதீங்க. பெட்ரோல் வண்டி மாதிரி ஊத்தினதும் கிளம்பாது இது. லைன் பூரா காத்து ஏறிக்கும். நட்டைத் தளர்த்தி, கைப்பம்ப அடிச்சுக் காத்த வெளியேத்தணும். தெரியாதவன் சாவியத் திருப்பித் திருப்பியே பேட்டரியக் கொன்னுடுவான்.”

செய்து காட்டச் சொன்னேன். நானே மூன்று முறை செய்தேன். நுரை நுரையாக வந்து, கடைசியில் சுத்தமான டீசல் வடிந்தது. ஆய்வகத்தில்கூட எனக்கு இவ்வளவு சந்தோஷம் கிடைத்ததில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு நேரான குச்சியைச் சீவி, விரல் அகலத்துக்கு ஒன்றாக நெடுக வெட்டுகள் போட்டேன். மனைவி பக்கத்தில் நின்று பார்த்தாள். விளக்கிச் சொன்னேன்.

“அப்ப முள்ள நம்பக் கூடாது. குச்சியத்தான் நம்பணும்.”

“ஆமாம்” என்றேன். நல்ல மாணவி. குச்சி இனி சீட்டுக்குப் பின்னால் இருக்கும்.

பிப்ரவரி 19, திங்கள்

முதல் பெரிய சவாரி. மரக்கடையிலிருந்து முப்பது பெஞ்சு. எங்கே என்று கேட்காமல் ஒப்புக்கொண்டது என் புத்தி. என் பள்ளிக்கூடத்துக்கு.

காவலாளி என் முகத்தைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான். தினமும் எனக்கு வணக்கம் வைத்தவன். “டிரைவர், பின் கேட்டு வழியா வாங்க.”

வந்தேன். பின் கேட்டு வழியாக.

மார்ச் 3, ஞாயிறு

மைத்துனன் கோழிப் பண்ணை வைக்கப் போகிறான். கொட்டகை போட்டாகிவிட்டது. ஆயிரம் குஞ்சு, பொரித்த அன்றே ஏற்றிக்கொண்டு வர வேண்டும். அவனிடம் வண்டி இல்லை.

மனைவி இரண்டு வாரமாகக் கொட்டகைக்குச் சாக்குத் திரை தைக்கிறாள். வீட்டில் தையல் மிஷின் சத்தம். “தினமும் போயிப் பாத்துக்கச் சொல்லிருக்கான் தம்பி. எனக்கும் ஒரு வேலையாச்சு” என்றாள். இருபது வருடமாக இந்த வீட்டில் அவளுக்கு வேலையே இல்லாதது போல. எங்களுக்குக் குழந்தை இல்லை. அதை யாரும் பேசுவதில்லை. ஆயிரம் குஞ்சு பற்றி மட்டும் பேச்சு.

நான் காத்திருக்கிறேன். கேட்கத்தானே வேண்டும்.

மார்ச் 12, செவ்வாய்

இன்னும் கேட்கவில்லை.

மார்ச் 21, வியாழன்

கேட்கவில்லை! சொல்லிவிட்டுப் போகிறான். அதுவும் என்னிடம் இல்லை. நான் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன், என்னைத் தாண்டிச் சமையலறைக்குப் போய், “அக்கா, ஞாயித்துக்கிழமை வண்டிய எடுத்துக்கறேன்.”

“எடுத்துக்கோடா.”

யாருடைய வண்டிடா அது? உங்கப்பன் வாங்கிப் போட்டானா?

வாய்விட்டுச் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

மார்ச் 23, சனி

குச்சி விட்டுப் பார்த்தேன். இரண்டு விரல். என் அனுபவத்தில் அறுபது கிலோமீட்டர் ஓடும். குஞ்சு பொரிக்கும் பண்ணை எழுபது கிலோமீட்டர் தள்ளி. போகும்போதே, காலி வண்டியாக, பத்து கிலோமீட்டர் முன்னால் நிற்கும். யாருக்கும் நஷ்டமில்லை. கேனில் டீசல் வாங்கி வந்து ஊற்றுவான். கிளம்பாது. எனக்குப் போன் வரும்.

“அத்தான், என்ன செய்யறதுன்னு தெரியலயே.”

எந்த நட்டு, எத்தனை சுற்று, எத்தனை தடவை பம்ப் — பொறுமையாகச் சொல்லித் தருவேன். கோபமே இல்லாமல். அந்த ஒரு போன் போதும் எனக்கு.

டீசல் போடவில்லை.

மார்ச் 24, ஞாயிறு

காலை ஆறு. வந்தான். முள்ளைப் பார்த்தான். “பாதி இருக்கு, தாராளம்.” ஹீட்டர் விளக்கு அணையும் வரை காத்திருந்து என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

மனைவி தண்ணீர்க் கேனோடும் சாக்கோடும் வெளியே வந்தாள். “நானும் போறேங்க. குஞ்சுகளப் பாத்துக்க ஆள் வேணும்ல?” இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஏறப் போனவள் நின்றாள். “குச்சி விட்டுப் பாத்தீங்களா?”

“பார்த்தேன்.”

பொய் இல்லை. ஏறிக்கொண்டாள்.

எட்டரை. போன் இல்லை.

ஒன்பதே கால். இப்போது உறைக்கிறது. அறுபது என்பது பெஞ்சும் சிமெண்டும் ஏற்றி ஓடிய கணக்கு. காலி வண்டி குறைவாகத்தானே குடிக்கும்? போய்ச் சேர்ந்திருப்பார்கள். திரும்பும்போதுதான் நிற்கும். குஞ்சுகளோடு.

போனை எடுத்தேன். ஒரு வார்த்தை: அங்கேயே டீசல் போட்டுக்கொள். ஆனால் இப்போது சொன்னால் காலையிலேயே தெரியும் என்று ஆகிவிடுமே. வழியில் அவனாகவே போட்டுக்கொள்ளலாம். போடுவான். கிளீனராக இருந்தவன்தானே.

போனை வைத்துவிட்டேன்.

பத்தரை. இல்லை.

பன்னிரண்டு. வெயில் முற்றத்தில் நிற்க விடவில்லை.

இரண்டு. யாரும் கூப்பிடவில்லை.

மார்ச் 25, திங்கள்

நேற்று சாயங்காலம் வந்தார்கள். டாக்டர்தான் வண்டியை ஓட்டி வந்தான். தன் கடை நம்பரை டாஷ்போர்டில் பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறான். அதைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். பதினோரு மணிக்கு, ஒரு மரம்கூட இல்லாத சாலையில் நின்றிருக்கிறது. நான் நினைத்தபடியே எல்லாம் நடந்திருக்கிறது. கேனில் டீசல், கிளம்பவில்லை, பேட்டரி செத்தது. பின்னால் பெட்டிகளில் ஆயிரம் குஞ்சு. மூன்றரை மணி நேரம். மனைவி சாக்கை நனைத்து நனைத்துப் போட்டிருக்கிறாள், கேனில் தண்ணீர் இருந்தவரை.

எண்ணூறுக்கு மேல் போய்விட்டன.

மைத்துனன் வாசல்படியில் உட்கார்ந்தான். உதடு வெடித்திருந்தது. “மன்னிச்சிருங்க அத்தான். முள்ள நம்பிட்டேன். உங்க வண்டியக் காலி பண்ணிக் கெடுத்துட்டேன். தப்பு என்னுதுதான்.” வரும் வழியில் டேங்கை நிரப்பியிருக்கிறான், என் வண்டிக்கு. பிறகு, “காத்து எடுக்கிறது எப்படின்னு எனக்கும் சொல்லித் தாங்க அத்தான். தெரியாமப் போச்சு” என்றான்.

கேட்டுவிட்டான். கடைசியில் கேட்டுவிட்டான்.

சொல்லிக் கொடுத்தேன். என்னால் நிறுத்த முடியவில்லை. எந்த நட்டு, எத்தனை சுற்று. பத்து நிமிடம். “புரியுதா?” என்றுகூடக் கேட்டேன். தலையாட்டினான். டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைக்க ஒன்றும் இல்லாத பிறகும்.

“உங்களுக்கு போன் போடலாம்னுதான் சொன்னேன் அத்தான். அக்காதான் வேணாம்னு சொல்லிட்டா” என்றான் மைத்துனன்.

அவள் உள்ளே இருந்தாள். எல்லாம் கேட்டிருக்கும். தம்பியிடம் குச்சியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? திட்டியிருக்கலாமே. நாலு பேர் பார்க்கத் திட்டியிருக்கலாம். அதற்கு என்னிடம் பதில் இருந்தது.

மார்ச் 28, வியாழன்

அட்டைப்பெட்டியில் மூன்று குஞ்சைக் கொண்டுவந்து மேஜை விளக்கின் கீழ் வைத்திருந்தாள். நேற்று ஒன்று. இன்று ஒன்று. மிச்சமுள்ளது கத்திக்கொண்டே இருக்கிறது.

சாப்பாடு வேளைக்கு வருகிறது. உப்பு சரியாக இருக்கிறது. கேட்டால் பதில் சொல்கிறாள்.

ஏப்ரல் 2, செவ்வாய்

“தம்பி மறுபடியும் குஞ்சு எடுக்கறான். இனிமே நான் பண்ணையிலேயே இருந்துக்கறேன். அங்க ஒரு ரூம் இருக்கு.”

“எத்தனை நாளைக்கு?”

“மிஷினையும் எடுத்துட்டுப் போறேங்க.”

கேட்டதற்கு அதுதான் பதில்.

ஏப்ரல் 6, சனி

நானே கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். சரி என்றாள். பண்ணை எட்டு கிலோமீட்டர். சாயங்காலம் டேங்கை வாய்வரை நிரப்பினேன். பம்ப்காரன், “போதும் சார், வழியுது” என்றான்.

ஏப்ரல் 7, ஞாயிறு

தையல் மிஷினை நான் ஏற்றிக் கட்டினேன். ஒரு பெட்டி, ஒரு பாய், அந்த ஒற்றைக் குஞ்சின் அட்டைப்பெட்டி. தெருவில் யாரும் சிரிக்கவில்லை.

இருவரும் ஏறி உட்கார்ந்ததும், “டேங்க் ஃபுல்லா இருக்கு” என்றேன். “நேத்துதான் போட்டேன்.”

அவள் சீட்டுக்குப் பின்னால் கையை விட்டுக் குச்சியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். கண்ணாடியில் பார்த்தேன். மூடியைத் திறந்து குச்சியை நேராக, நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே, அடிவரை விட்டாள். எடுத்தாள். கடைசி வெட்டுக்கும் மேலே நனைந்திருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது.

ஹீட்டர் விளக்கு அணைந்து வெகுநேரமாகிவிட்டது. நான் சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தேன்.

குச்சியைத் துடைத்துவிட்டு, இன்னொரு தடவை விட்டுப் பார்த்தாள்.